பதிமூன்றரையிலிருந்து ஒன்பதுக்கு

சனிக்கிழமை காலை அப்பா எஜீதியோ தன் மோட்டார் படகுக்குக் கிளம்பிய பிறகு வரும்படி அம்மா சொல்லியிருந்தாள். ஒந்தீனா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்தபோது கதவு திறந்தே இருந்தது.

"படியில உங்கப்பாவைப் பார்த்தியா?" என்றாள் நோர்மா.

"இல்ல. வண்டியக் கீழ்த் தெருவுல விட்டுட்டு வந்தேன். திருட வந்த மாதிரி இருக்கும்மா."

"திருட்டுதான். சீக்கிரம் முடி. மோட்டார் கிளம்பலைன்னா திரும்பி வந்துடுவார்."

சமையலறை மேடையில், ஜன்னலை ஒட்டி இருந்தது அந்தக் காபி இயந்திரம். எஜீதியோ ஓய்வு பெற்ற வருடம் கிடங்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. சின்னது. எஃகு உடம்பு. அழுத்தம் காட்டும் முள் அதில் கிடையாது. ஒரே ஒரு பொத்தான், ஒரு கைப்பிடி, பின்னால் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். ஒந்தீனா தினமும் கடைகளில் திறந்து மூடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இது பொம்மை. திரியெஸ்தே துறைமுக நகரத்தின் காபிக்கடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவள் தொழில். பதினாறு வருடம் ஆகிறது.

தொழில் அப்பாவிடமிருந்து வரவில்லை. காபி வந்தது. எஜீதியோ துறைமுகக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் காபி ருசி பார்த்தவர். மூட்டையைக் குத்தி எடுத்த ஒரு பிடிக் கொட்டையை முகர்ந்துவிட்டு, இது மழைக்கு முன் காய்ந்தது, இது மழையில் நனைந்து மறுபடி காய்ந்தது என்பார். அவர் வேண்டாம் என்று சொன்ன மூட்டைகள் கப்பலுக்கே திரும்பிப் போயிருக்கின்றன.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் இறங்கியது. வாசனை மட்டும் திரும்பவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. தூளை மட்டும் வாரத்துக்கு வாரம் நைசாக அரைத்தார். ஏதாவது ஒன்று நாக்கில் வந்து படாதா என்று.

காபி கரியாகிவிட்டது.

நோர்மா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலோ?" என்றாள். அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். மூன்று நாள் இயந்திரத்தைத் தொடவில்லை. நான்காம் நாள் ஒரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்து, "நல்லாயிருக்கா?" என்று கேட்டார். நின்றுகொண்டே கேட்டார். அவள் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றாள். அன்றிலிருந்து எல்லாக் காபியும் பிரமாதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறவர்களுக்கும் நோர்மா சொல்லி வைத்தாள். உச்சோவும், தூலியோவும், தூலியோவின் மனைவியும். எல்லோரும் கிடங்கு வாசனையோடு பல வருடம் வாழ்ந்தவர்கள். எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

"போன ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றாள் நோர்மா. "உச்சோ பால்கனியில நின்னு கடலைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, கோப்பைய என் ஜெரேனியம் தொட்டியில கவுத்துட்டான். செடி தலையத் தொங்கப் போட்டுடுச்சு."

"செடியுமா?"

"சிரிக்காத. உங்கப்பா ஒரு நாள் பார்த்துடுவார். அதுக்கு முன்னால ஏதாவது பண்ணு."

"அரைக்கிற மிஷின்ல ரெண்டு பல் தளர்த்தி விட்டா தூள் கொரகொரன்னு வரும், முடிஞ்சுதும்மா."

"அதைத் தொடாத. ஒவ்வொரு பல்லும் அவர் விரலுக்குத் தெரியும். உள்ள ஏதாவது பண்ண முடியுமான்னு பாரு. கண்ணுக்குத் தெரியாம."

முடியும். ஒந்தீனா கைப்பிடியின் அடியில் தன் அழுத்தமானியைத் திருகிப் பூட்டிப் பொத்தானைத் தட்டினாள். பம்பு கத்தியது. பிறகு குரல் கனத்து உறுமியது. முள் பதிமூன்றரையில் நின்றது.

காபிக்கு ஒன்பது பார் அழுத்தம் போதும். வீட்டு இயந்திரங்களில் அழுத்தத்தை ஆலையிலேயே ஏற்றி வைத்து அனுப்புவார்கள். அவ்வளவு நைசான தூளில் பதிமூன்றரை அழுத்தத்தில் தண்ணீர் பரவாது. ஓரிடத்தில் துளை போட்டுக்கொண்டு பாயும். துளை போட்ட இடம் கருகும், மற்ற இடம் பச்சையாகக் கிடக்கும். முன்பெல்லாம் எஜீதியோ தூளைக் கொரகொரவென்று அரைத்து அதைச் சமாளித்தார். மூக்கு இருந்த காலம் அது.

மேல் மூடியில் நான்கு திருகு. கொதிகலனுக்குப் பின்னால் அழுத்தத்தை அடக்கும் வால்வு. அறுகோணத் திருகுசாவியான அலன் கீயை விட்டு இடப்பக்கம் அரைச் சுற்று. சோதித்தாள். இன்னும் கால் சுற்று. முள் ஒன்பதில் நின்றது. பம்பு உறுமவில்லை. ஒரே குரலில் ஓடியது. மிச்சத் தண்ணீர் வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்பி மெல்ல ஒழுகும் சத்தம் கேட்டது. சரியாக வேலை செய்யும் வால்வின் சத்தம்.

அப்பா அரைத்து வைத்திருந்த தூளிலேயே ஒரு காபி போட்டாள். நோர்மா நின்றபடி குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு ஏப்ரன் நுனியால் வாயைத் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள்.

"இது காபி," என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடலாமாம்மா?"

"எதைச் சொல்லுவ? அழுத்தத்தைக் குறைச்சேன்னு சொன்னா ஏன்னு கேட்பார். ஏன்னு சொல்லணும்னா ரெண்டு வருஷத்தையும் சொல்லணும். சொல்லுவியா?"

கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இயந்திரத்தைத் திறந்தாலும், எதைத் திருப்பினோம், எவ்வளவு, என்று, என மூடியின் உட்புறம் ஒரு சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். அடுத்துத் தொடுகிறவன் குழம்பக் கூடாது. ஒந்தீனா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பிறகு திரும்ப வைத்துக்கொண்டு மூடியை முடுக்கினாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தூலியோவின் மனைவி வாதுமை வைத்துச் சுருட்டிய கேக் கொண்டுவந்திருந்தாள். எஜீதியோ சமையலறையில் நின்றார். கதவு திறந்திருந்தது. ஒந்தீனா நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அரைத்தார். தூளை நிரப்பி அழுத்தினார். கைப்பிடியைப் பூட்டினார். பொத்தானைத் தட்டிவிட்டுத் தலையை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். கழுத்து வலியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

காபி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கோப்பை நிரம்பி, தட்டில் வழிந்து, மேடையில் ஓடியது. அவர் கை அப்போதுதான் பொத்தானுக்குப் போனது.

"டேய் எஜீதியோ, குடிக்கவா, குளிக்கவா?" என்றார் உச்சோ முன்னறையிலிருந்து.

எஜீதியோ கோப்பையைக் கொட்டிவிட்டு மறுபடி அரைத்தார். இரண்டாவதை மிகச் சீக்கிரம் நிறுத்தினார். கோப்பையின் அடியில் ஒரு வாய்கூடத் தேறவில்லை. மூன்றாவதுக்குக் குனிந்து, முகத்தைக் கோப்பைக்கு அருகே கொண்டுபோய், கண்ணால் பார்த்து நிறுத்தினார். புதிதாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அப்படிச் செய்வார்கள்.

உச்சோவுக்குத்தான் அது போனது. அவர் வழக்கம் போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார். மூச்சை விட்டார். இன்னொரு வாய் குடித்தார்.

"எஜீதியோ! இன்னிக்குத்தாண்டா காபி!"

தூலியோவின் மனைவி மேசைக்குக் கீழே உச்சோவின் காலை மிதித்தாள். மேசை அசைந்தது.

"இன்னிக்குத்தானா?" என்றார் எஜீதியோ.

"இன்னிக்கும்னு சொன்னேன்டா."

"தூள் அதேதான்."

"தூள்ல என்ன இருக்கு? எல்லாம் கைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். எஜீதியோ தன் கையைப் பார்த்தார். மிச்சக் காபிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துப் பார்த்துப் போட்டார். கேக் சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை. ஒந்தீனா அப்போதே சொல்லியிருக்கலாம். வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். நான்தான்பா உங்க மிஷின்ல கை வச்சேன், ரிப்பேர்க்காரிக்குக் கை சும்மா இருக்குமா என்று. அன்று அது வேடிக்கையாகவே போயிருக்கும். அவள் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் தோள்பட்டை வலிக்கிறது என்றார். நோர்மா போட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் வலித்தது.

நோர்மா தொலைபேசியில் சொன்னாள். "தூளைப் போட்டு ஓட்டி ஓட்டிக் கொட்டுறார் ஒந்தீனா. காதை அதும்மேல வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கார். திங்கக்கிழமை நாப்பது தடவை."

"என்னன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஒண்ணுமில்லேங்கறார். காது டாக்டர்கிட்ட தனியாப் போயிட்டு வந்தார். சட்டைப் பையில சீட்டு இருந்துச்சு, பார்த்தேன். காது நல்லாத்தான் இருக்காம்."

"அப்ப நல்லதுதானே?"

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அவருக்கு அப்படித் தெரியல."

புதன்கிழமை மதியம் ஒந்தீனா சாப்பிட வந்தாள். சூப் தட்டுகளை எடுத்த பிறகு எஜீதியோ அவளைச் சமையலறைக்கு அழைத்தார். நோர்மாவும் பின்னாலேயே வந்து, தட்டுகளைக் கழுவுகிறவள் போலக் குழாயருகே நின்றாள்.

"நீ நாள் பூரா இந்தச் சத்தத்துலயே இருக்கறவ," என்றார். "ஒரு விஷயம் கேட்கணும்."

"கேளுங்கப்பா."

"எனக்கு மூக்கு இல்லேன்னு உனக்குத் தெரியும்."

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் முதல் முறையாகக் கேட்டாள்.

"மூக்கு இல்லேன்னா காபி போட முடியாதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. பொத்தானைத் தட்டினதும் பம்பு லேசாக் கத்தும். தூள் நனைஞ்சதும் குரல் இறங்கும். உறுமும். உறும ஆரம்பிச்சதுலேர்ந்து ஏழு எண்ணினா முதல் சொட்டு. இருபத்தாறு எண்ணினா நிறுத்தணும். கோப்பையப் பார்க்கவே வேண்டாம். ரெண்டு வருஷம் அப்படித்தான் போட்டேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

தலையைச் சாய்த்து நிற்பது அதற்குத்தான். ஒந்தீனாவின் காது சூடேறியது.

"இப்ப உறும மாட்டேங்குது," என்றார். "தொட்டிக்குள்ள தண்ணி ஒழுகுற மாதிரி கேட்குது. நான் கேட்கறேன். அது நிஜமா கேட்குதா, எனக்கு மட்டும் கேட்குதான்னு தெரியல. நீ கேட்டுச் சொல்லு."

அவர் தூள் நிரப்பிப் பூட்டிப் பொத்தானைத் தட்டினார். பம்பு ஒரே குரலில் ஓடியது. தொட்டிக்குள் தண்ணீர் ஒழுகியது. எஜீதியோ இயந்திரத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நோர்மா கழுவின தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மிக லேசாக ஆட்டினாள்.

பதினாறு வருடத் தொழிலில் ஒரு கடைக்காரர் இப்படிக் கேட்டு அவள் பொய் சொன்னதில்லை.

"அதே சத்தம்தான்பா," என்றாள்.

"மாறல?"

"மாறல."

அவர் பொத்தானை அணைத்தார். சத்தம் நின்றது.

"சரி," என்றார். "உனக்குத் தெரியாததா. அப்ப மிஷின்ல இல்ல."

பிறகு அவளுடைய வண்டியின் டயரைப் பற்றி விசாரித்தார். குளிர்கால டயர் மாற்றிவிட்டாளா, இந்த வருடம் குளிர்காற்று முன்னதாகவே வரும் போலிருக்கிறது என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அன்று பிற்பகல் ஒந்தீனாவுக்கு மூன்று கடை இருந்தது. மூன்றாவதில் பம்பு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். கத்தியது, குரல் இறங்கியது. அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஏழில் முதல் சொட்டு விழவில்லை. அது வேறு இயந்திரம், வேறு தூள். ஆனாலும் எண்ணினாள். இருபத்தாறு வரை எண்ணினாள். கடைக்காரன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்தாள். "நாளைக்கு வர்றேன். பழையபடி வச்சுடறேன்."

"வை," என்றாள் நோர்மா. "உச்சோ மறுபடி என் செடியில ஊத்தட்டும். போனாப் போகுது."

சனிக்கிழமை எஜீதியோ வழக்கம் போல் படகுக்குக் கிளம்பினார். ஒந்தீனா வந்து மூடியைத் திறந்தாள். வலப்பக்கம் முக்கால் சுற்று. முள் பதிமூன்றரைக்கு ஏறியது. பம்பு உறுமியது. நோர்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இனிமே இதைத் தொடவே வேண்டாம். கரியோ கஷாயமோ, அவர் போடட்டும்."

அந்த ஞாயிறு தோள்பட்டை வலிக்கவில்லை. நோர்மா அவரைக் கெஞ்சிச் சமையலறைக்கு அனுப்பினாள். எஜீதியோ அரைத்தார், அழுத்தினார், பூட்டினார். பொத்தானைத் தட்டினார். பம்பு கத்தியது. பிறகு குரல் இறங்கி உறுமியது.

அவர் தலை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. உதடு அசைந்தது. ஒந்தீனா நிலைப்படியில் நின்று அவரோடு சேர்ந்து எண்ணினாள். ஏழு. சொட்டு விழுந்தது. இருபத்தாறு. கை போனது. ஒரு துளி வழியவில்லை. ஐந்து காபியும் அப்படியே. ஜன்னலைப் பார்த்தபடியே போட்டார்.

உச்சோ ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு கணம் கோணியது. நோர்மா அவரை முறைத்தாள்.

"பிரமாதம்," என்றார் உச்சோ.

"பிரமாதம்," என்றார் தூலியோ.

ஒந்தீனா தன் கோப்பையைக் கடைசி வரை குடித்தாள். கரியும் புளிப்பும் தொண்டையில் நின்றன. முடிந்தது என்று நினைத்தாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தாள். எஜீதியோ பின்னால் வந்து கதவைச் சாத்தினார். முன்னறையில் தூலியோ எதையோ சொல்ல, மற்றவர்கள் சிரிப்பது கதவுக்கு அப்பால் கேட்டது.

"இன்னிக்குக் கேட்டுச்சு," என்றார்.

"பார்த்தீங்களா. நான்தான் சொன்னேனே."

"ம். நீ சொன்ன. மிஷின் மாறலைன்னு நீ சொன்னதுனாலதான் எனக்குப் புரிஞ்சுது." அவர் குரலில் பதற்றம் இல்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு நாள் தன் வீட்டுப் படி தெரியும். மறுநாள் தெரியாது. அடுத்த நாள் மறுபடி தெரியும். தெரியாத நாளைவிடத் தெரியுற நாள்தான் மோசம். அதுதான் இதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுடும்."

"அப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பயப்படாத. நான் யோசிச்சு வச்சுட்டேன். படகைக் கொடுத்துட்டேன்."

"என்ன?"

"மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தானே கடலுக்குப் போறேன். அந்தச் சத்தம் ஒரு நாள் வேற மாதிரி கேட்டா? தனியா இருக்கும்போது? வியாழக்கிழமை விலை பேசி முடிச்சேன். பக்கத்து ஊர் மோன்ஃபல்கோனேக்காரன் ஒருத்தன். நேத்துச் சாவியக் கொடுத்தேன். வண்டி கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டான். உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல."

புதன்கிழமை அவள் மாறவில்லை என்றாள். வியாழக்கிழமை அவர் பேசி முடித்தார். நேற்று, அவள் இந்த மேடையில் குனிந்து திருகைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கரையில் நின்று படகு வண்டியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒந்தீனா அதை மூடினாள்.

"சத்தம் மாறித்தான் இருந்துச்சு," என்றாள்.

எஜீதியோ பார்த்தார்.

"நான்தான் மாத்தினேன். மூணு வாரத்துக்கு முன்னால. அழுத்தத்தைக் குறைச்சேன். அதனாலதான் உறுமல. தொட்டியில தண்ணி ஒழுகினதும் நிஜம். நேத்து வந்து பழையபடி ஏத்தி வச்சேன். அதனாலதான் இன்னிக்குக் கேட்டுச்சு. உங்க காது சரியா இருக்கு. தலையும் சரியா இருக்கு. எல்லாத்தையும் சரியாத்தான் கேட்டீங்க."

அவர் மேடையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் முதலில் ஏதோ தளர்ந்தது. ஒரு கணம் அவர் சிரித்துவிடுவார் என்று தோன்றியது. பிறகு அது நின்றது.

"ஏன் குறைச்ச?"

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள்.

"ஒந்தீனா. ஏன் குறைச்ச?"

"காபி குடிக்க முடியல."

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. முன்னறையில் மறுபடி சிரிப்பு எழுந்தது. அவர் கதவைப் பார்த்தார்.

"அவங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு பேருக்கும்?"

"ம்."

"இப்பக் குடிச்சாங்களே. அதுவும்?"

"அதுவும்தான்பா."

அவர் கழுவாத கோப்பைகளைப் பார்த்தார். உச்சோவுடையது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பழக்கம். பிறகு ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்தார். கிடங்கில் அப்படித்தான் வைத்திருப்பார். விழுங்கினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார்.

"அம்மாவுக்கு உங்க மனசு நோகக் கூடாதுன்னு..."

"தெரியும். எல்லாரும் நல்லவங்க."

"படகைத் திரும்பக் கேட்கலாம்பா. நான் போய்ப் பேசறேன். நடந்ததைச் சொன்னா கொடுத்துடுவான்."

"என்னன்னு சொல்லுவ?"

அவள் ஒரு கோப்பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

கதவுக்கு அப்பாலிருந்து உச்சோவின் குரல் வந்தது. "எஜீதியோ! இன்னொண்ணு போடுறியாடா? ரெண்டு வாரம் உன் கையால குடிக்காமப் போச்சே!"

நல்ல மனசோடு கேட்டது அது. இன்னொரு கோப்பைக் கரியைக் குடிக்க உச்சோ தயாராக இருந்தார். எஜீதியோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டார்.

"எது?"

"அழுத்தம்."

"ஒன்பது."

"இப்ப?"

"பதிமூணரை."

"ஒன்பதுல வை. அவங்களுக்குப் போட்டுக் கொடு."

"நீங்க போடுங்கப்பா. ஒன்பதுல எப்படிக் கேட்கும்னு நான் சொல்றேன். அதுக்கும் ஒரு கணக்கு இருக்கும், ரெண்டு பேரும் சேர்ந்து..."

"வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கிடங்கில் ஒரு மூட்டையைத் தள்ளி வைக்கும்போது சொல்வது போலச் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்குப் போனார். ஆணியிலிருந்து மேல்கோட்டை எடுத்தார்.

"ஒந்தீனா போட்டுத் தருவா," என்றார் உச்சோவிடம். "நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்."

"இந்தக் காத்துலயா? எங்கடா?"

"கீழதான்."

"எஜீதியோ, கழுத்துத் துணி," என்றாள் நோர்மா. அவர் வாங்கிச் சுற்றிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார். "நேத்துப் படகைக் கொடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நோர்மா சமையலறை வாசலுக்கு வந்து மகளைப் பார்த்தாள்.

ஒந்தீனா மூடியைத் திறந்தாள். சாவிக்கொத்தில் ஒரு அலன் கீ எப்போதும் இருக்கும். அழுத்தமானி வண்டியில் இருந்தது, தேவைப்படவில்லை. இடப்பக்கம் முக்கால் சுற்று. அவர் அரைத்து வைத்திருந்த தூளில் நான்கு காபி போட்டாள். பம்பு ஒரே குரலில் ஓடியது. இப்போது அதைக் கேட்க யாரும் இல்லை. தட்டில் வைத்துக் கொண்டுபோனாள்.

குடித்தார்கள். நல்ல காபி. உச்சோ இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

உச்சோ தொப்பியைத் தேடினார். தொப்பி அவர் மடியிலேயே இருந்தது. தூலியோவின் மனைவி மெதுவாக அழ ஆரம்பித்தாள். தூலியோ அவள் தோளைத் தொடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. எஜீதியோ அங்கே நின்றுகொண்டிருந்தார். காற்று அவர் கோட்டின் நுனியைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு பேருந்து வந்தது. கதவு திறந்து மூடியது. அவர் ஏறவில்லை. வேறு எங்கும் போகவும் இல்லை.

உச்சோ பால்கனிக் கதவில் கை வைத்தார். "கூப்பிடறேன். என் குரலுக்கு வருவான்."

"கூப்பிடாத உச்சோ," என்றாள் நோர்மா. "நீங்க இங்க இருக்கிற வரைக்கும் வரமாட்டார்."

அவர்கள் எழுந்தார்கள். கேக்கை வைத்துவிட்டுப் போனார்கள். படியில் காலடிகள் மெதுவாக இறங்கின. ஒந்தீனா ஜன்னலில் நின்றாள். மூவரும் கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிர்ப்பக்கம் எஜீதியோ அவர்களைப் பார்த்துவிட்டார். மரியாதையாகக் கையை உயர்த்தினார். உச்சோவும் உயர்த்தினார். தெருவைக் கடக்க ஓரடி எடுத்து வைத்தார். அப்போது அடுத்த பேருந்து வந்து அவர்களுக்கு நடுவில் நின்றது. அது நகர்ந்தபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை.